திருப்பி மாட்டிய டயோடு

திண்டிவனத்தில், எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், டயோடைத் திருப்பி மாட்டிய மாணவி என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், இந்தப் பக்கம் கரண்ட் போகாதுன்னீங்களே. மீட்டர் முள்ளு லேசா ஏறிக்கினு இருக்குது."

"ஜெர்மானியம் டயோடு இல்லையா, கரண்ட் கொஞ்சம் கசியும்."

சொன்னதுமே காணை கிராமத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவர் கண்ணில் வந்து நின்றது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அத்தை அடைப்பு நட்சத்திரத்தில் செத்துப்போனாள். அப்படிச் செத்தவர்களை வாசல் வழியாக எடுத்தால் அதே வழியில் திரும்பி வந்துவிடுவார்களாம். அதனால் அப்பா பின்சுவரை இடித்து, அந்த ஓட்டை வழியே உடலை வெளியே எடுக்கச் செய்தார். சுடுகாடு போய் வந்ததும் கல்லும் சேறும் வைத்து அடைத்தார்.

"போனது போனதுதான். வர்ற வழியே கிடையாது. யாரும் கூப்பிடாதீங்க" என்றார்.

மறுநாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், ஈரச் சேற்றில் வாயை வைத்து நான் "அத்தே" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டேன்.

சாயங்காலம், அடுப்பே மூட்டாத வீட்டில் வறுத்த மல்லாட்டை வாசம் அடித்தது. அத்தை எனக்கென்று வறுக்கும் வேர்க்கடலை. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவரில் இன்னொரு பூச்சு பூசினார். கோடை வெயில் ஏற ஏற வாசமும் ஏறியது.

"இதை நிறுத்தவே முடியாதா மேடம்?"

"முழுசா முடியாதும்மா. சூடுபட்டா இன்னும் கூடும்."

காட்டுவதற்காக டயோடை இரண்டு விரலால் பிடித்தேன். முள் மெல்ல ஏறியது.

"புரிஞ்சிடுச்சு மேடம். ஆஃப் பண்ணிடட்டுமா?"

மல்லாட்டை வாசம் வந்தது.

"கொஞ்சம் இரு" என்றேன், விரலை எடுக்காமல்.