ரோட்ஸ் தீவுக்கு ஒரு குக்கர்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். சாப்பாட்டு மேசைமேல் முதலில் கண்ணில் பட்டது ஒரு பிரஷர் குக்கர். மூன்று லிட்டர். அட்டைப்பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை. மழைக்காகச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து தண்ணீர் இறங்கி, முந்தின நாள் நான் விரித்து வைத்திருந்த ரோட்ஸ் தீவின் வரைபடத்தில் துறைமுகப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் என் கணவரின் தம்பி உட்கார்ந்திருந்தார். ஆடிட்டர். சாலைக் கடைவீதியில் பாதிப் பேருக்குக் கணக்கு பார்க்கிறவர். குக்கரும் அங்கே அவர் கணக்கு பார்க்கும் ஒருவர் கடையில் வாங்கியதுதான். கல்யாணமாகி நான் வலியசாலையிலிருக்கும் இந்த வீட்டுக்கு வந்தபோது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்; அதனால் என் பேச்சில் அவர் இன்றைக்கும் "நீ"தான். அவர் பக்கத்தில் அவர் மனைவி, என் ஓர்ப்படி, எங்கள் வீட்டுத் துண்டால் தலைமுடி நுனியைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கோட்டைக்குள் இருக்கும் தங்கள் வீட்டிலிருந்து இந்த மழையில் ஸ்கூட்டரில் வந்திருக்கிறார்கள். என் கணவர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"ரோட்ஸுக்கு" என்றார் மைத்துனர்.

"ரோட்ஸ்ல எதுக்கு?"

"எந்தா மன்னி இது. அரிசி வேகணுமே."

கிரேக்கத் தீவான ரோட்ஸுக்குப் போவது என் யோசனை. ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் டெஸ்கில், செய்திகளைத் திருத்தி வெட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சில ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைப் பயணப் பக்கமும் என்னிடம் இருந்தது. ஒருமுறை அந்தத் தீவைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. இடம் போதாமல் பாதிக்கு மேல் வெட்டினேன். படத்தை வெட்டவில்லை. பழைய நகரத்தைச் சுற்றிக் கோட்டை மதில். மதிலுக்கு வெளியே அகழி. அகழியில் தண்ணீர் கிடையாது, புல். இருபுறமும் கல் உயர்ந்து நிற்க, நடுவில் ஒரு பெண் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்து போகிறாள். எங்கள் ஊர்க் கிழக்கேகோட்டை வாசலில் பஸ் மாறித்தான் நான் தினமும் ஆபீஸ் போனேன். மதிலின் மேல் முளைத்த செடியையும் கீழே ஒட்டிய போஸ்டரையும் அத்தனை வருடம் பார்த்தவளுக்கு, மதிலை ஒட்டி நடக்க ஓர் இடம் இருக்கிறது என்பதே செய்தியாக இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு இந்த மேசையில் வைத்துத்தான் சொன்னேன். ஒரு வாரம் அங்கே போக வேண்டும். அந்த அகழியில் நடக்க வேண்டும். யாராவது தட்டில் வைத்துக் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும். மூன்றையும் சொன்னேன். கணவர் "போலாமே" என்றார்.

தங்குமிடத்தை நான்தான் கண்டுபிடித்தேன். மதிலுக்குள் ஒரு பழைய கல்வீடு. மேல் மாடியில் அறைகள். காலையில் வீட்டுக்காரி முற்றத்தில் மேசை போட்டு ரொட்டி, பாலாடைக்கட்டி, தேன், ஆலிவ், முட்டை எல்லாம் கொண்டுவந்து வைப்பாள். அதுவரைக்கும் இருவர் பயணமாக இருந்தது. பிறகு மைத்துனருக்குத் தெரிந்தது. "நீங்க ரெண்டு பேரும் தனியாப் போய் என்ன பண்ணுவேள்" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். ஒரு வாரத்தில் பயணம் நால்வருடையது ஆயிற்று. டிக்கெட், வீடு, ஊர் சுற்றும் ஒழுங்கு எல்லாம் அவர் கைக்குப் போயின.

அவர் போட்ட ஒழுங்கில் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வீரர்களின் தெரு, பழைய மருத்துவமனையில் இருக்கும் அருங்காட்சியகம், துறைமுகத்துக் காற்றாலைகள், பஸ்ஸில் போக வேண்டிய லிண்டோஸ் குன்று, எல்லாமே மத்தியானத்துக்குள் முடிந்தன. அகழி மட்டும் இல்லை. வெயிலுக்குப் பயந்து செய்கிறார் என்று நினைத்திருந்தேன். குக்கரைப் பார்த்த பிறகு கேட்டேன்.

"அக்டோபர்ல அங்க என்ன வெயில்?"

"வெயிலுக்கு இல்லை மன்னி. பன்னெண்டுக்குத் திரும்பினாத்தானே ஒரு மணிக்குத் தட்டு வைக்க முடியும்."

யார் வைப்பது என்று நான் கேட்கவில்லை. மூவரும் என்னைப் பார்த்தார்கள். முதலில் பார்த்தவள் ஓர்ப்படி.

"மன்னி கை ரசம் இல்லாம இவருக்கு ஒரு வேளை இறங்காது, தெரியுமோல்யோ" என்றாள்.

இந்தப் பாராட்டை அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லி வருகிறாள். பண்டிகை நாளில் எல்லாம் அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு, ஈரத் தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்து, "நான் பரிமாறட்டுமா மன்னி?" என்று கேட்பாள். பரிமாறுவாள், அதை நன்றாகச் செய்வாள்.

"அந்த வீட்டுல காலைச் சாப்பாடு உண்டே. அந்தம்மா எழுதியிருந்தாளே" என்றேன்.

"அது மேல் மாடிக்கு" என்றார் மைத்துனர். "நான் மாத்திட்டேன். கீழ்ப் பகுதியில சமையல் உள் இருக்கு. அது நமக்கு மதி, போறும். காலைச் சாப்பாடு வேண்டாம்னு எழுதிட்டேன். முட்டை போடுவாளாம்."

"குக்கர் அங்க இருக்காதா?"

"இருக்கு, கேட்டேளா. அந்தப் பாத்திரத்துல மாம்சம் வேகவச்சதுண்டான்னு கேட்டேன். பின்னே, வைக்காம இருப்பாளோன்னு பதில். அதான் இது."

ஒரு கிரேக்கப் பெண் அந்தக் கேள்வியை எந்த முகத்தோடு படித்திருப்பாள் என்று யோசித்தேன்.

"யாருக்கு முட்டை வேண்டாம்னு எழுதினே?"

"நாலு பேருக்கும்."

"நான் சாப்பிடுவேன்."

இது யாருக்கும் புதிய தகவல் இல்லை. நைட் ஷிப்ட் நாட்களில் ஆபீஸ் கேண்டீனில் ரொட்டியும் ஆம்லெட்டும்தான் என் சாப்பாடு. கணவருக்குத் தெரியும். மைத்துனர் ஒருமுறை வீட்டுச் சாவி கொடுக்க அங்கே வந்தார். என் தட்டைப் பார்த்தார். பிறகு சாவியைக் கொடுத்து முடிக்கும்வரை மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை இந்த மேசையில் வைத்து வாயால் சொன்னதுதான் புதிது.

கணவர் பத்திரிகையை நான்காக மடித்தார். "அது ஆபீஸ்ல. ஆபீஸ் வேற, ஆத்துல வேற."

"ரோட்ஸ் எதுல சேத்தி?"

"நாம நாலு பேரும் எங்க தங்கறமோ அது நம்ம ஆம்தான்."

"அப்ப நான் அங்க தங்கல்லை" என்றேன்.

ஓர்ப்படி துவட்டுவதை நிறுத்தினாள். மைத்துனர் சிரித்துப் பார்த்தார். "சாரமில்லை மன்னி, ஒண்ணும் பெரிசில்லை, மசாலாப் பொடியெல்லாம் இவ திரிச்சுக் கொண்டுவருவா. உங்களுக்கு ரசமும் ஒரு கறியும்தான் வேலை. அரை மணி."

"அரை மணின்னா நீயே பண்ணலாமே."

"எனக்கு எங்க தெரியும்?"

"குக்கர் வாங்கத் தெரிஞ்சதே."

அவர் தம்ளரைத் தூக்கி, அண்ணாந்து காப்பியை வாயில் ஊற்றிக்கொண்டார். உதடு படவில்லை. அதில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியது கிடையாது. அன்று சட்டைமேல் இரண்டு சொட்டு விழுந்தது.

அன்று மத்தியானமே வீட்டுக்காரிக்கு எழுதினேன். மேல் மாடியில் ஒருவருக்கு ஓர் அறை, காலைச் சாப்பாட்டோடு. நான்கு வரி. சாயங்காலம் பதில் வந்தது. கீழே தங்கப்போகும் குடும்பத்தைச் சேர்ந்தவர்தானே நீங்கள் என்று கேட்டிருந்தாள். ஆமாம் என்று எழுதினேன். அறை உறுதியாயிற்று.

கணவரிடம் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

"ஒரே வீட்டுல நீ மேல, நான் கீழயா?"

"ஆமாம்."

"பாக்கறவா என்ன சொல்லுவா?"

"அங்க நம்மளை யாருக்குத் தெரியும்?"

"தம்பியும் அவளும் போறாதா, இங்க வந்து சொல்ல?" என்றார். அதற்குப் பிறகு மோர் ஊற்றும்வரை பேசவில்லை. மோர் ஊற்றிய பிறகும் பேசவில்லை. எங்கள் வீட்டில் சண்டை என்றால் இதுதான், பாத்திரம்கூட உருளாது. வேண்டியதை மட்டும் கேட்பார். "கண்ணாடி எங்கே?" "கரண்ட் போச்சா?" ஆகஸ்ட் அப்படியே போயிற்று.

விசாவுக்கு நால்வரும் கொச்சி போக வேண்டியிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் எங்கள் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாலு பேரும் ஒன்றாகத்தானே போகிறீர்கள், ஒருவருக்கு மட்டும் ஏன் தங்குமிடம் தனியாகப் போட்டிருக்கிறது என்று மலையாளத்தில் கேட்டாள். மைத்துனர் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். மேல் மாடியிலிருந்து கடல் தெரியுமாம், இவளுக்குக் கடல் பார்க்க ஆசை என்றார்.

"கடல் தெரியாது" என்றேன். "மதில்தான் தெரியும்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. விண்ணப்பங்களில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வருகிற ரயிலில் சாப்பாட்டு மூட்டை இல்லை. வழக்கமாக நான் கட்டுவது, அன்று கட்டவில்லை. மைத்துனர் எழுந்து ஒருமுறை மேல் தட்டைப் பார்த்தார், பை ஏதாவது இருக்கிறதா என்று. ஆலப்புழை தாண்டியதும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். பரிப்புவடை, கோழிக் கட்லெட், பழம்பொரி. மைத்துனர் இரண்டு வடை வாங்கி, ஒன்றை என் கணவரிடம் கொடுத்தார். இருவரும் சாப்பிட்டார்கள். அந்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

"கட்லெட்டும் அதே சட்டிதான்" என்றேன்.

"யாத்திரையில தோஷமில்லை" என்றார் மைத்துனர்.

"ரோட்ஸ் யாத்திரை இல்லையோ?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கணவர் வடைக் காகிதத்தைக் கசக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். காயங்குளம் வந்தபோது மைத்துனர் தன் அண்ணாவைப் பார்த்து, ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "ஒண்ணும் பயப்பட வேண்டாம். இவ பண்ணுவா. மூணு பேருக்குத்தானே."

இவள் என்றது ஓர்ப்படியை. அவள் எதிர் ஜன்னலோரம் இருந்தாள். அவள் முகம் எனக்குக் கண்ணாடியில்தான் தெரிந்தது. கொல்லம் வரைக்கும் அது திரும்பவில்லை.

நால்வருக்கும் விசா வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஓர்ப்படி வந்தாள். தனியாக வந்தாள். குக்கர் வந்த மழை நாளில் எடுத்துப்போன எங்கள் துண்டைத் துவைத்து, மடித்து, கையில் வைத்திருந்தாள். அதை மேசைமேல் குக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பெட்டியை அதுவரை யாரும் எடுத்துப் போகவில்லை.

"பொடி திரிச்சாச்சா?" என்று கேட்டேன்.

"திரிக்கல்லை."

"இன்னும் நாள் இருக்கே."

"மன்னி, எனக்கும் ஆபீஸ்ல வருஷத்துக்கு ஒருக்காதான் இத்தனை நாள் லீவு தருவா."

"தெரியும்."

"அங்க போயும் காலம்பற நாலரைக்கு எழுந்திருக்கணும்கறார். ஊர் சுத்தக் கிளம்பறத்துக்கு முன்னாடி காலைச் சாப்பாடு ஆகணுமாம்."

நான் புடலங்காயை நறுக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் என் கை ரசத்தைப் புகழ்ந்தவள் இப்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உட்காரச் சொல்லவில்லை.

"மேல வேற ரூம் உண்டோ மன்னி?"

"உன்னோட சேர்ந்து நான் ஊர் சுத்த மாட்டேன்" என்றேன். "இப்பவே சொல்லிட்டேன்."

"எனக்கும் வேண்டாம்" என்றாள். "நான் தூங்கணும்."

"அவனண்ட யார் சொல்றது?"

"நானே சொல்லிக்கறேன். ரூம் உண்டோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ."

அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். அந்த வீட்டின் மேல் மாடியில் மொத்தம் இரண்டு அறைகள். மதில் பக்கத்து அறை என் பெயரில் இருந்தது. முற்றத்துப் பக்கத்து அறை காலியாக இருந்தது.