சத்து மாத்திரை டப்பா

சௌந்திரத்துக்கு வாய் நீளம். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் அவள், முதலாளியையே எதிர்த்துக் கேள்வி கேட்பாள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து வாயைத் திறந்ததில்லை. புருஷன் சென்றாயனுக்கு வலிப்பு உண்டு. அவன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவன். விஷயம் வெளியே தெரிந்தால் எந்த முதலாளி அவனை வண்டியில் ஏற்றுவான்?

சேலத்து டாக்டரம்மா தனப்பிரியா பொறுமைசாலி. படம் போட்டே விளக்கினார்.

"மூளையில நரம்புச் செல் மட்டும் இல்லம்மா. பக்கத்துலயே ஆஸ்ட்ரோசைட்டுன்னு நட்சத்திரம் மாதிரி ஒரு செல் இருக்கு. நரம்புங்க பேசிக்கும்போது சிந்துற உப்பையும் ரசாயனத்தையும் அதுதான் அள்ளும். அது தடுமாறினா நரம்பெல்லாம் ஒரே நேரத்துல கத்த ஆரம்பிச்சுடும். வலிப்புக்கு அதுவும் ஒரு காரணம். தூக்கத்துலயும் அந்தச் செல்லுக்குப் பங்கு இருக்கு. தூக்கம் கெட்டா வலிப்பு தேடி வரும். மாத்திரையும் தூக்கமும் ஒருநாளும் தவறக்கூடாது."

"அப்ப அது என்னையாட்டங்க. முட்டை போடற பேரு கோழிக்கு. குனிஞ்சு நிமிந்து கூட்டி அள்றது நானுங்க," என்றாள் சௌந்திரம்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். சென்றாயன் சிரிக்கவில்லை. தண்ணீர் கிடைக்கும்வரை ரிக் இராப்பகலாக ஓடும். அங்கே தூக்கத்துக்கு எங்கே போவது?

தூக்கத்துக்கு அவளால் வழி செய்ய முடியவில்லை. மாத்திரைக்குச் செய்தாள். ரிக் சத்தீஸ்கருக்குக் கிளம்பியபோது, அவன் திரும்பும்வரை வேண்டிய மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு காலிச் சத்து மாத்திரை டப்பாவில் நிரப்பினாள்.

"ஆராச்சும் கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லிப்போடுங்க மாமா."

தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சென்றாயனை ஆம்புலன்ஸில் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள்.

காரியம் முடிந்த அன்று, அவனோடு ரிக்கில் இருந்த அறிவு என்ற பையன் வந்து எதிரில் உட்கார்ந்தான். இருபது வயதுகூட இருக்காது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"திடீர்னு இழுத்துக்கிச்சுங்க அக்கா. நிக்கவே இல்லீங்க. ஸ்பேனரக் கையில வெச்சு அழுத்திப் பாத்தோம். ரிக்குல இரும்புக்கா பஞ்சம்? ஒண்ணும் கேக்கல."

இரும்பால் ஒன்றும் ஆகாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். யாருக்கும் சொன்னதில்லை.

"அண்ணனாட்டம் மனசு ஆருக்கும் வராதுங்க. ஒடம்பு அலுப்பா இருக்குதுன்னு அந்தச் சத்து மாத்திரையக் கேட்டா இல்லைன்னே சொல்ல மாட்டாரு. ஆளுக்கொண்ணு போட்டுக்குவோம். பாதியிலயே டப்பா காலியாயிருச்சு. காட்டுக்குள்ள கடை ஏதுங்க?"

இல்லை என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். அதற்குப் பயந்துதான் கொடுத்திருக்கிறான். சௌந்திரத்துக்கு எதிரில் இருப்பவனை அறைய வேண்டும் போலிருந்தது.

அறிவு மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நல்ல மாத்திரைங்க அக்கா. போட்டா அப்படித் தூக்கம் வரும். நாங்க தூங்கிருவோம். அண்ணன்தான் எங்க ஷிப்டையும் சேத்துப் பாப்பாரு. அது என்ன மாத்திரைங்க?"

அவள் வாயைத் திறந்தாள். அவன் கண்களைப் பார்த்தாள். இவன் இன்னும் எத்தனை வருஷம் தூங்கி எழ வேண்டும்.

"சத்து மாத்திரைதான் சாமி," என்றாள்.