கதவில் விழாத கீறல்

ஜான்சியை நாங்கள் ‘எர்த் அக்கா’ என்றுதான் கேலி செய்வோம். எந்த ஃப்ரிட்ஜைத் திறந்தாலும், எந்த கிரைண்டரைத் தொட்டாலும் முதலில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். உள்ளங்கையில் ஷாக் அடித்தால் விரல் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் விலகிவிடும் என்று விளக்கம் வேறு. எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். கீழ்க்கட்டளையிலிருந்து இரண்டு பஸ் மாறி திருமுடிவாக்கத்துக்கு வருவாள். பதினோரு வருஷம் ஒரே மேசை.

எங்கள் கம்பெனியில் கல்லூரி ஆய்வகங்களுக்கு ஹாட் ஏர் ஓவன் செய்கிறோம். நான் அப்பாதுரை, பெயிண்ட் செக்‌ஷன். என்னைத் தாண்டி எல்லாம் கடைசியில் அவளிடம்தான் டெஸ்டிங்குக்குப் போகும். உள்ளே எங்காவது வயர் தேய்ந்து தகட்டில் கரண்ட் ஏறினால் அது எர்த் வழியாகப் போய்விட வேண்டும், தொடுகிறவர் மேல் பாயக் கூடாது. அதனால் உடம்பு, கதவு என்று ஒவ்வொரு தகட்டிலும் கிளிப் மாட்டி, எர்த் சேர்கிறதா என்று மீட்டரில் பார்த்து, ஷீட்டில் கையெழுத்துப் போடுவாள். பெயிண்ட் மேல் மாட்டினால் மீட்டர் காட்டாது. கதவோரம் கொஞ்சம் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

எனக்கு அதில்தான் வயிற்றெரிச்சல். முகம் பார்க்கிற மாதிரி நான் அடித்து அனுப்பினால் இவள் கீறி வைக்கிறாளே என்று முதலாளி தயாளன் சாரிடம் போய் நின்றேன். கீறலைக் காட்டி இரண்டு ஓவன் திரும்பி வந்த கடுப்பில் அவரும் இருந்தார். இனி பின்பக்க எர்த் ஸ்க்ரூவில் கிளிப் மாட்டினால் போதும், கதவைத் தொடாதே என்று என் எதிரிலேயே அவளிடம் சொன்னார். இரண்டு நாள் வாதாடிப் பார்த்தாள். அவள் வீட்டில் அப்பா படுத்த படுக்கை, வேலையை விட முடியாது. மூன்றாம் நாளிலிருந்து கதவுக்கான கட்டத்தில் சும்மா டிக் போட்டாள்.

போன ஜூலையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சரசு என்ற உதவியாளர் எங்கள் ஓவனைத் திறந்தார். கதவில் இருக்கும் விளக்கின் வயர் கீல் பக்கம் தேய்ந்திருந்தது. முப்பத்து நான்கு வயது. ஷாக் அடித்து அங்கேயே போய்விட்டார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கதவின் எர்த் வயரைக் கழற்றினார். ஸ்க்ரூவுக்கு அடியில் வெறும் தகடு இருக்க வேண்டும், முழுக்கப் பெயிண்ட் இருந்தது. அங்கே பெயிண்ட் படாமலிருக்க முன்னாலேயே வட்டமாக டேப் ஒட்ட வேண்டியவன் நான். அவசர ஆர்டர் என்று அந்த வாரம் ஒட்டாமல் விட்டிருந்தேன். ஆனால் என் வேலைக்கு ஷீட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. எல்லார் கண்ணும் அவள் போட்ட டிக்கில் இருந்தது.

கல்லூரிக்காரர்கள்தான் எர்த் இல்லாத ப்ளக்கை மாற்றிப் போட்டார்கள் என்று சொல்லும்படி தயாளன் சார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

“கதவுல டெஸ்ட் பண்ணல சார். பெயிண்ட் கீறும், வேணாம்னு சொன்னாங்க” என்றாள்.

தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார் தயாளன் சார். அதிகாரி என்னைக் கேட்டார்.

“எனக்குத் தெரியாது சார்” என்றேன்.

ஜான்சி என்னை ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான். அவளுக்கு வேலை போயிற்று. கேஸ் அவள் பேரில் இன்னும் நடக்கிறது. அப்பாவும் இடையில் இறந்துபோனார். நான் சாவுக்குப் போகவில்லை. போக எனக்கு முகம் இல்லை.

போன வாரம் மேடவாக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனேன். அங்கே சீருடையில் ஒருத்தி தயிர் ஃப்ரிட்ஜின் கதவில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் திறந்தாள். நான் நழுவுவதற்குள் திரும்பிவிட்டாள். இளைத்துப் போயிருந்தாள். திட்டட்டும் என்று நின்றேன்.

“அண்ணா, இப்பல்லாம் அந்த டேப்பை ஒட்டுறீங்களா?”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது, விசாரணை நடந்த அன்றிலிருந்தே. அந்த ஒரு வார்த்தையை அதிகாரியிடம் சொல்லியிருந்தால் கோர்ட்டில் அவள் பக்கத்தில் நானும் நின்றிருப்பேன்.

ஒட்டுகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, தயிர் பாக்கெட்டுகளை அடுக்கப் போனாள்.