பிழைத்த செம்மறி

மாலை நான்கு இருபதுக்கு மகள் போன் செய்தாள். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

அவள் கால்நடை மருத்துவர். மனிதர்களுக்குப் பொருத்தப்போகும் செயற்கை இதய வால்வுகளை முதலில் செம்மறிகளுக்கு வைத்துப் பார்க்கும் ஓர் ஆய்வகத்தில், சென்னையில் வேலை. அவள் பங்கெடுத்த முதல் அறுவை சிகிச்சையன்று, அந்த ஆடு பிழைத்தால் பொங்கல் வைப்பதாக எங்கள் ஊரான கறம்பக்குடி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

"ஊரே சாமிக்கு ஆட்ட நேந்து விடுது. நீ ஆட்டுக்காக நேந்துக்கிறியாக்கும்?" என்று கணவர் சிரித்தார்.

ஆடு பிழைத்தது. வேண்டியபடி நான் பொங்கலும் வைத்துவிட்டேன். மாதக்கணக்கில் அது நன்றாகத் தின்று கொழுத்ததை மகள் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அன்று போனில், "நாளையோட இந்த ஆட்டுக்கு ஆய்வு முடியுதும்மா" என்றாள்.

"அப்ப இங்கிட்டு அனுப்பிரு. நம்ம ஆடுகளோட நிக்கட்டும்" என்றேன் சந்தோஷமாக.

"வால்வு எப்படி இருக்குன்னு இதயத்தை வெளிய எடுத்துத்தாம்மா பாக்கணும். நல்லா இருக்குற ஆடா இருந்தாலும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. பிழைக்க வைத்த கையாலேயே அதையும் செய்தால் அவள் என்ன ஆவாளோ என்று நடுங்கினேன். கொட்டகையில் குட்டி கத்தினால்கூட அவள் குரலாகக் கேட்டது.

சனிக்கிழமை காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகள்தான்.

"வால்வுல ஒரு ரத்தக்கட்டி கூட இல்லம்மா" என்றாள். "கடைசி ஊசி போடுறப்ப நான்தான் புடிச்சுக்கிட்டிருந்தேன். என் கையிலதான் தலைய வச்சுச்சு."