அடிக்காமல் விட்ட பெயர்

தேர்தல் குமாஸ்தாவின் வேலை, ஊரில் யார் உயிரோடிருக்கிறார்கள், யார் இல்லை என்று எழுதிக்கொடுப்பது. ரங்கூனில் கவர்னரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அவர் கப்பலில் வந்து இறங்குவார். அவருடைய சட்டசபைக்கு மெம்பர்களை அனுப்பத்தான் இந்தத் தேர்தல். கையில் பட்டியலோடு வீடு வீடாகக் கதவு தட்டியிருக்கும் சக பாவிகளே, இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பசியோடு போன பெட்டி

முதல் தேர்தலுக்கு என்னை ரங்கூனுக்கு வெளியே கியாக்தான் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அதிகாரி ஊ சான் என்ற பர்மியர், நல்ல மனிதர். ஆற்றங்கரை மடத்தில் ஓட்டுப்பெட்டியை வைத்துக் காத்திருந்தோம். இந்தச் சட்டசபையே வேண்டாம் என்று பர்மியர்கள் தேர்தலைப் பகிஷ்கரித்த சமயம் அது. கூச்சல் போடுவார்கள், கல் எறிவார்கள் என்று பயந்துகொண்டு போயிருந்தேன்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. விடிந்ததும் நாற்பது ஐம்பது பேர் வந்து எதிர்மரத்தடியில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். யாரும் ஓட்டுப் போடவில்லை, பேசவும் இல்லை. ஊ சான் கும்பிட்டார், எதிரில் ஒரு கையும் எழவில்லை. மத்தியானத்தில் கடைக்காரர்களும் கடையைச் சாத்திவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். கைக்குழந்தைகூட அழவில்லை. அத்தனை கண்களுக்கு முன்னால் எனக்கு மூச்சு விடவே கூச்சமாக இருந்தது. சாயங்காலம் காலிப்பெட்டிக்கு அரக்கு வைத்ததும் எல்லாரும் ஒன்றாக எழுந்தார்கள். ஒரு பெண் மட்டும் கிட்டே வந்து, எங்கள் முன்னால் தண்ணீர்ச் செம்பை வைத்தாள். பர்மியில் மெதுவாகச் சொன்னாள்: "உங்களோட எங்களுக்குப் பகையில்லை. இந்தப் பெட்டி பசியோட போறதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தோம்."

மூன்றாம் மாடி

அடுத்த தேர்தலில் ரங்கூனுக்குள்ளேயே, கியாக்டடா பேட்டையில் பட்டியல் சரிபார்க்கும் வேலை. செத்தவர் பெயரைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டும். ஒரு மூன்றாம் மாடி வீட்டில் சவரிமுத்து இருக்கிறாரா என்று கேட்டேன். அவர் மனைவி மரியம்மாள் கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, ஆபீஸிலிருந்து ஆள் வந்திருப்பதாகச் சொன்னார். பதில் கேட்பதுபோல் சற்று நின்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளறையில் கட்டில் விரித்திருந்தது. தலையணைமேல் மூக்குக்கண்ணாடி. சுவரில் வெள்ளைக் கோட்டுப் போட்ட மனிதரின் படம், அதற்குக் கீழே சின்னச் சிலுவை. எப்போது என்று கேட்டேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பிளேக்கில் என்றார். நான் பேனாவை எடுத்ததும் என் கைமேல் கைவைத்தார். அந்தக் கை குளிர்ந்திருந்தது. அடிக்காமல், 'இருக்கிறார்' என்று குறி போட்டுவிட்டு இறங்கி வந்தேன். படிக்கட்டு வரை அவர் சொன்னதுதான் காதில் இருந்தது: "காகிதத்திலாவது அவர் இருந்துட்டுப் போகட்டும் தம்பி."

பதினொரு மணிக்கு வந்தவர்

ஓட்டு நாளன்று அந்தப் பேட்டைச் சாவடியில் நானும் ஊ சானும் இருந்தோம். பதினொரு மணிக்கு வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் வந்து, சவரிமுத்து என்றார். கதவு இலக்கம் சொன்னார், தகப்பன் பெயர் சொன்னார். எல்லாம் சரி. நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் பார்த்த முகம்.

பக்கத்திலிருந்த, தேர்தலுக்கு நின்ற ஓர் அபேட்சகரின் ஏஜெண்டு எழுந்து, இந்த ஆள் செத்துவிட்டார், அடக்கத்துக்கு நானே போயிருந்தேன் என்றார். ஊ சான் என்னிடம், வீட்டுக்குப் போனது நீதானே, உண்மை என்ன என்று கேட்டார். இருக்கிறார் என்றால் பொய்ச்சத்தியம். இல்லை என்றால் என் வேலை போகும். கடைசியில், அவர் இறந்துவிட்டார், பெயரை அடிக்காமல் விட்டது என் தப்பு என்று சொல்லிவிட்டேன்.

வந்தவர் கோபப்படவில்லை. தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர்போல வெட்கப்பட்டார். "பேர் இருக்குன்னு அவ சொன்னா. அதனாலதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஊ சான் பியூனை உடனே பின்னால் அனுப்பினார். வாசலில் போலீஸ்காரர் நின்றிருந்தார். அவர் பியூனிடம் சொன்னது: "உள்ளேயிருந்து யாரும் வெளியே வரலியே."

விசாரணை

ஊ சான் என்னை எழுத்தில் எச்சரித்ததோடு விட்டார். கூலிக்கு வந்த கள்ள ஓட்டுக்காரன், பட்டியலில் பெயர் இருப்பதை அந்த அம்மாள் ஊரெல்லாம் சொல்லியிருப்பார் என்பது அவர் முடிவு. எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. ஆனாலும் பெயரை அடித்ததை நானே போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று மறுபடி மூன்று மாடி ஏறினேன்.

மரியம்மாள் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பெயர் விஷயத்தை அவரிடம் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை என்றார். சொல்லும்போது படத்தைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாள் முகத்தில் லேசாக மனத்தாங்கல் தெரிந்தது. "யாருக்கு ஓட்டுப் போட வந்தாராம்? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே."

அதற்குப் பிறகு எத்தனையோ சாவடிகளில் உட்கார்ந்துவிட்டேன், ஓட்டுப் போட அவ்வளவு தூரத்திலிருந்து வந்த வேறொருவரை இதுவரை பார்க்கவில்லை.