கைக்கு அனுப்பிய ஜெல்

மலேசியாவின் ஷா ஆலமில் முகக் களிம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. ஆப்ப மாவைப் பொங்க வைக்கிற அதே ஈஸ்ட்டிலிருந்து பாலிசாக்கரைடு என்ற வழவழப்பான பொருளைப் பிரித்தெடுத்து, முகத்தில் பூசும் ஜெல்லில் சேர்ப்போம். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைக் காக்கும். யாராவது வாங்க வந்தால் இதைப் பற்றி அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். வீட்டில்தான் பேச ஆளில்லை.

என் மனைவி மகளின் பிரசவத்துக்காக மெல்பர்ன் போனாள். பேரன் பிறந்தான், குப்புற விழுந்தான், தவழவும் ஆரம்பித்தான். அவள் மட்டும் திரும்பி வரவில்லை. கிள்ளான் வீட்டில் நானும் ஆப்பச்சட்டியும்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மாவு கலக்கும் சத்தம் கேட்காவிட்டால் எனக்குப் பொழுது விடிந்த மாதிரியே இல்லை.

ஒருநாள் வீடியோவில் பேரனைத் தூக்கிக் காட்டியபோது அவள் கையைப் பார்த்தேன். விரல் மூட்டெல்லாம் வெடித்திருந்தது. வெளியே குளிர், உள்ளே ஹீட்டர், போதாததற்கு நாள் முழுக்கப் பால் புட்டி கழுவுகிறாள். மறுநாளே எங்கள் ஜெல்லை வாங்கிப் பார்சல் அனுப்பினேன்.

பூசினால் தோல் இழுக்கிறது என்றாள். முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் மண்டையில் உறைத்தது. அது நம் ஊர்ப் புழுக்கத்துக்காகச் செய்த ஜெல். பிசுபிசுத்தால் இங்கே யாரும் தொடமாட்டார்கள் என்று எண்ணெயே சேர்ப்பதில்லை. காற்றிலேயே ஈரம் இருக்கிற ஊருக்கு அது போதும். அந்த ஊர்க் காற்றோ, பிடித்து வைத்த ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. ஊருக்கெல்லாம் களிம்பு செய்கிறவனுக்குச் சொந்தப் பெண்டாட்டி கைக்கு எது சேரும் என்று தெரியவில்லை.

கை ஈரமாக இருக்கும்போதே ஜெல்லைத் தடவி, அதன்மேல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னேன். பேசும்போதெல்லாம் கையைக் காட்டச் சொன்னேன். வெடிப்பு மெல்ல ஆறியது. ஆறிய பிறகும் அடுத்த பார்சலைக் கட்ட உட்கார்ந்துவிட்டு, இன்னும் எத்தனை டப்பா வேண்டும் என்று அவளையே கேட்டேன்.

"கை ஆறிருச்சுங்க," என்றாள். "கிரீம் கிரீம்னு எத்தன வாட்டி கேப்பீங்க? எப்ப வரேன்னு ஒரு வாட்டி கேட்டீங்களா?"

மகளுக்கு ஒத்தாசையாக இருக்கிறவளை இழுக்கக்கூடாது என்றுதான் நான் வாயைத் திறக்கவில்லை. இவருக்கு நாம் இல்லாமலே ஓடிவிடுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வந்துரு லா," என்றேன். "என்னால முடியல."

சமையலறை அலமாரியில் இருக்கும் ஈஸ்ட் பழசாகியிருக்கும், அதைக் கொட்டிவிட்டுப் புதுசு வாங்கி வைக்கச் சொன்னாள்.