பன்னிரண்டு விநாடி எஸ்பிரஸோ

நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் காபிக் கடையில் எஸ்பிரஸோ போடுகிறவள் அவள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஆறு வருடப் பழக்கத்தில் அந்த இயந்திரத்தின் சத்தமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பொடி சரியாக அரைபட்டிருந்தால், அழுத்தத்தோடு இறங்கும் வெந்நீர் அதற்குள் திணறித்தான் வெளியே வரும். எலிவால் கனத்தில், தேன் நிறத்தில், இருபத்தைந்து விநாடிக்குக் கொஞ்சம் மேலே. பொடி கரகரப்பாகிவிட்டால், தடுக்க ஆளில்லை என்று தண்ணீர் ஓடி வந்துவிடும். காபி புளிக்கும்.

மூன்று நாளாகக் காலையில் முதல் கோப்பை ஓடித்தான் வந்தது. பன்னிரண்டே விநாடி. அரவை இயந்திரத்தில் பொடியின் பருமனைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தை அவள் திருப்பிச் சரிசெய்த பிறகே ஒழுங்குக்கு வந்தது.

"என்னக்கா, எஸ்பிரஸோ கேட்டா கப் கழுவின தண்ணி தர்றீங்க? கேஸ் போட்டுடுவேன்" என்றார் ஒரு வக்கீல். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

வளையத்தை யாரோ திருப்புகிறார்கள். யார்? காலையில் கடையைத் திறப்பவள் அவளுடைய நாத்தனார். முதலாளியிடம் கெஞ்சி, போன மாதம் நாத்தனாரை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவளேதான். கப் கழுவ வந்தவள் ஒரு வாரமாக இயந்திரத்தின் பக்கமே நிற்கிறாள். "எனக்கும் கத்துக்குடுங்க அண்ணி" என்று வேறு கேட்டாள். கேட்ட பிறகுதான் இந்தக் கூத்து. கண்ணை மூடிச் சாமி கும்பிட்டாலும் நாத்தனாரின் விரல்கள்தான் வந்து நின்றன. மனசு கேட்காமல், மூன்றாம் நாள் மதியம் முதலாளியின் காதில் போட்டுவிட்டாள்.

"சொந்தக்காரின்னு பாக்காம சொன்னியே, நல்லதும்மா. சனிக்கிழமையோட அவளை நிறுத்திடறேன்."

அன்று மாலை கையும் களவுமாகப் பிடித்துவிடவும் நினைத்தாள். கடைசிக் கோப்பை இருபத்தேழு விநாடி. குறை சொல்ல இடமில்லை. பிறகு அரவை இயந்திரத்தை ஈரத்துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்தபடியே, கப் கழுவும் நாத்தனார் மேல் ஓரக்கண்ணை வைத்திருந்தாள். நாத்தனார் சட்டென்று திரும்பினாள்.

"அண்ணி, நீங்க துடைக்கிறப்போ அந்த வளையமும் கூடவே சுத்துதே. அது சுத்தலாமா?"

துணி அப்படியே நின்றது. வளையத்தின் கோடு நாலு புள்ளி தள்ளிப் போயிருந்தது.

"சுத்தம் சுத்தம்னு முதலாளி திங்கக்கிழமை கத்தினதுலேர்ந்து இப்படித்தான் அழுத்தித் துடைக்கிறீங்க. நேத்து வந்தவ எனக்குப் பாடம் எடுக்கறாளான்னு நினைப்பீங்களோன்னுதான் வாயைத் திறக்கல."

அவள் நேரே முதலாளியிடம் போனாள். "ஐயா, தப்பு என்னுது. அவளை நிறுத்தாதீங்க."

முதலாளி கண்ணைச் சுருக்கினார். "அதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

அவள் அவரை இயந்திரத்துக்கு அழைத்துப் போனாள். அவரைப் பக்கத்தில் நிறுத்தி, துடைத்த கையோடு ஒரு கோப்பை போட்டாள். வெளுத்துப்போய் ஓடி வந்தது. வளையத்தைத் திருப்பி இன்னொன்று போட்டாள். இருபத்தேழு. இரண்டையும் குடித்துப் பார்த்தார்.

"சரி, ரெண்டு பேரும் இருங்க. துணியை மட்டும் அவகிட்ட குடுத்துடு."

அவர் போனதும் நாத்தனார் கேட்டாள். "என்னை அனுப்பறதா இருந்தாரா அண்ணி?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. மேலே ஒருத்தன் பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று விழுங்கினாள். "நான்தான் போய்ச் சொன்னேன்."

நாத்தனார் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, கடைச் சாவியை எடுத்து மேடைமேல் வைத்தாள். "இனிமே காலைல நீங்களே திறங்க. நான் தனியா உள்ள இருந்தா உங்களுக்கு நிம்மதி இருக்காது."

"இல்லம்மா, நீயே திற. முதல் கப்பையும் நீயே போடு. சொல்லித் தர்றேன்."

நாத்தனார் சாவியைத் தொடவில்லை.

"அதுலயும் என்னைச் சோதிக்கப் போறீங்களா அண்ணி?"